மருதாயி கிணற்றில் விழவில்லை

மதினி,

உங்கள் புத்தகம் என் மேசைமேல் கிடக்கிறது. மேசையிலிருந்து அலுமாரிக்கு மாற்றினேன். அலுமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். கடைசியில் மேசைக்கே திரும்பி வந்துவிட்டது. எங்கே வைத்தாலும் அறை முழுக்க ரப்பர் புகை வாசம். ஊருக்கெல்லாம் அது நாற்றம், தெரியும். கேகாலை பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு மட்டும் அது உங்கள் சேலை வாசம். மழைக்காலத்தில் ஓதம் ஏறி ஏடுகள் ஒட்டிக்கொள்ளும் என்று, ரப்பர் சீட்டுக்குப் புகை போடும் கூடத்தில், மூங்கில் கம்பில் தொங்குகிற சீட்டுகளுக்கு நடுவே இந்தப் புத்தகத்தையும் விரித்துக் கவிழ்த்துப் போடுவீர்களே. அந்த வாசம்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் போகவில்லை.

கொண்டுவந்து கொடுத்தது சாந்தி. நான் உங்கள் தம்பியை விட்டுப் போன பிறகு அவர் கட்டிக்கொண்டவள். நீங்கள் இறந்த செய்தி எனக்கு அடக்கம் முடிந்தபின்தான் கிடைத்தது. கருமாதிக்கு வந்தால் உங்கள் தம்பி முகத்தில் முழிக்க வேண்டுமே என்று வராமல் இருந்துவிட்டேன். அடுத்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விலாசம் விசாரித்துக்கொண்டு அவள் என் வாசலில் வந்து நிற்கிறாள். அதுவரை அவளை நான் கண்ணால் கண்டதில்லை. சின்ன உருவம். பேசும்போது சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். வரும் வழியில் செக்பொயின்டில் ஆமிக்காரன் பையைத் துழாவி, இத்தனை பெரிய தமிழ்ப் புத்தகம் எதற்கு என்று கேட்டானாம். கதைப் புத்தகம் மஹத்தயா என்று இவள் சிங்களத்தில் சொல்லியிருக்கிறாள். அவன் இரண்டு ஏட்டைப் புரட்டிப் பார்த்து, தும்மிவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம்.

"மதினி இத உங்க கையிலயே குடுக்கணும்னு சொன்னாங்க அக்கா" என்றாள். தேத்தண்ணியைப் பாதி குடித்தாள். அடுத்த பௌர்ணமி போயா லீவுக்கு வரலாமா என்று கேட்டாள். எதற்கென்று நானும் கேட்கவில்லை. வா என்றேன்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கால்கூடக் கழுவாமல் இதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரிக்குக் கீழே விரலை வைத்து வாசிக்கிற ஆள் நான், வேகம் வராது. அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிப்போனதும் தெரியாமல் வாசித்தேன். பாதிப் புத்தகம் வந்தபோது அந்தப் பக்கம் வந்தது. அதைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். நான்தான் தப்பாக எழுத்துக் கூட்டுகிறேனோ என்று ஃபெக்டரிக்கே கொண்டுபோய், ஹட்டன் பக்கத்தில் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு வந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் வாசித்தாள்.

மருதாயி செத்துப்போகிறாள் மதினி. நிரம்பிக் கிடக்கும் வயல் கிணற்றில் விழுந்து செத்துப்போகிறாள். நான்கே வரி. அதற்குப் பிறகு அவள் பேரே இல்லை. உங்களுக்கு இது தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே எனக்கு வேறு கதையை வாசித்திருக்கிறீர்கள்.

அப்படியானால் நான் யாரைப் பார்த்துப் புறப்பட்டு வந்தேன்?

கோபமாகத்தான் எழுதுகிறேன். வாசிக்கத் தெரியாதவளை ஏமாற்றுவது சுலபம். நான் தமிழ் வாசிக்கத் தெரியாமல்தான் உங்கள் வீட்டுக்கு வாழ வந்தேன். கலவானைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குக் கிட்டே இருந்த பள்ளிக்கூடம் சிங்களப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். வீட்டில் தமிழ் பேசினோம், சாமி கும்பிட்டோம், பள்ளியில் சிங்களத்தில் எழுதினோம். அது ஒரு குறை என்றே அங்கே யாருக்கும் தோன்றவில்லை. புளத்கொகுபிட்டிய பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குக் கல்யாணமாகி வந்த பிறகுதான், உங்கள் அம்மா லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கிற மாதிரி, நம்ம எழுத்தே தெரியாத மருமகள் என்று சொன்னார். மறுநாள் மழை பெய்தது. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் உட்காரவைத்து, "எழுத்து தெரியாட்டி என்ன, காது இருக்குல்ல" என்றீர்கள். நான் கேட்ட முதல் தமிழ்ப் புத்தகம் இதுதான்.

மழை என்றால் ரப்பர் தோட்டத்துக்கு அடைப்பு. மரம் நனைந்திருந்தால் பட்டையை வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டைக்கு வராமல் மழைத் தண்ணீரோடு மரத்திலேயே வழிந்து ஓடிவிடும். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போய் நனைந்து நின்றுவிட்டு, இன்றைக்குப் பேர் இல்லை என்று கணக்கப்பிள்ளை சொன்னதும் திரும்பி வருவோம். பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. பால் வராவிட்டால் புகைக்கூடத்தில் உங்களுக்கும் வேலை இல்லை. வயிற்றெரிச்சலோடு மழையைத் திட்டிக்கொண்டே வந்து, ஈரத் தலையைத் துவட்டிவிட்டு, எல்லாரும் உங்கள் இஸ்தோப்பில் கூடுவார்கள். திட்டின வாயாலேயே, மழை விடுவதற்குள் ஆரம்பிங்க என்பார்கள். அந்த லயத்தில் ஒரே நாளில் மழையைச் சபித்தும் கும்பிட்டும் வாழ்ந்தவர்கள் நாங்கள்தான்.

இந்தப் புத்தகத்துக்கு அட்டை கிடையாது, பேரும் கிடையாது. புளத்கொகுபிட்டிய கடைவீதியில் நம்மாள் கடையில், கருவாடு சுற்றுவதற்காக முதலாளி முன்பக்கத்து ஏடுகளைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி வாங்கி வந்தீர்கள் என்று சொல்வீர்கள். அதனால் கதை ஒரு பாதி வாக்கியத்தில் தொடங்கும். முன்னால் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்டால் நீங்களே சொல்வீர்கள், ஏதோ கூட இருந்து பார்த்த மாதிரி. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இந்தியாவில் ஒரு கிராமம். பெரிய வீடு, களத்துமேடு, மூன்று அண்ணன் தம்பிகள். தாத்தா காலத்து நிலம் பேரன் காலத்தில் துண்டு துண்டாகிற கதை. அந்த வீட்டின் கடைசி மருமகள் மருதாயி. அவளுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நல்லது நடக்கிற நாளில் அவளைத் தொழுவத்தில் வேலையாக வைத்திருப்பார்கள். எங்களில் யாரும் அந்த நாட்டைப் பார்த்ததில்லை. ஆனாலும் ஊர் என்று சொன்னால் எல்லாருக்கும் அதுதான். அதனால் நீங்கள் என்ன வாசித்தாலும் தலையாட்டினோம். மருதாயி ஈரப்பலாக்காய் அவித்துத் தின்றாள். சரி. ரொட்டிக்குக் கித்துள் மரத்துப் பாணி தொட்டுக்கொண்டாள். சரி. இப்போது வாசித்துப் பார்க்கிறேன், அந்த வீட்டில் கம்பங்கூழும் சோளச்சோறும்தான் இருக்கிறது. கித்துளுக்கு எங்கே போனாள் அவள்? கலவானையிலிருந்து வரவழைத்தாளா?

எனக்குப் பிள்ளை இல்லை என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மருதாயியை வாசிக்கும்போது ஒருவரும் என் பக்கம் திரும்பமாட்டார்கள். திரும்பாமல் இருப்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்கள் அம்மா ஒளிவு மறைவு வைக்கவில்லை. இன்னொருத்தியைக் கட்டிவைக்கப் போகிறேன், நீயும் இரு, அவளும் இருக்கட்டும், அவள் பெற்றால் நீ வளர்த்துவிடு, உன் பேரும் தோட்டத்துச் சம்பளச் செக்ரோலில் இருக்கட்டும் என்றார். உங்கள் தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அவர் கெட்டவரில்லை மதினி. ஆனால் அன்றைக்கு அவர் கேட்டது இன்னும் கொஞ்சம் சம்பல் மட்டும்தான்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு நல்ல யோசனை எதுவும் வரவில்லை. நம் லயத்தில் கிணறு இல்லை, மலையிலிருந்து வந்து விழுகிற பீலித் தண்ணீர்தான். ஆனால் கீழே ஆறு இருந்தது. பாலத்தில் நிற்பேன். நீங்கள் எங்கிருந்தோ வந்து, விறகு தூக்க ஒரு கை கொடு என்று கூட்டிக்கொண்டு போவீர்கள். தினமும் எங்கே அத்தனை விறகு கிடைத்தது உங்களுக்கு?

ஒரு மழை நாளில் நான் கேகாலை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போயிருந்தேன். அன்றைய வாசிப்பைத் தவறவிட்டேன். அடுத்த மழைக்கு வந்து உட்கார்ந்ததும் நீங்கள், இவள் இல்லாதபோது வாசித்ததைத் திரும்ப வாசிக்கிறேன் என்று சொன்னீர்கள். ஒருத்திகூட முணுமுணுக்கவில்லை. அதுவே அதிசயம். கேட்டதையே மறுபடி கேட்கச் சொன்னால் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகிற கூட்டம் அது. அன்றைக்கு எல்லாரும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூரைத் தகரத்தில் மழை சத்தம். நீங்கள் பால் ஊற்றாத சாயத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, புத்தகத்தை முகத்துக்குக் கொஞ்சம் கிட்டே வைத்துக்கொண்டு வாசித்தீர்கள்.

"மருதாயி கெணத்த எட்டிப் பாத்தா. தண்ணி ஒரே கலங்கலா கெடந்துச்சு. இந்தத் தண்ணியக் குடிக்கக்கூட முடியாது, இதுல போயி விழுவாங்களான்னு நெனச்சா. கொடத்தக் கழுவிக்கிட்டு வந்துட்டா."

முதலில் சிரித்தது நான்தான். அதற்குப் பிறகு எல்லாரும் சிரித்தார்கள், தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்கள்.

அன்று பின்னேரம் பாலத்துக்குப் போனேன். மலையில் மண் சரிந்து ஆறு செம்மண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. கலங்கலோ கலங்கல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே திரும்பி வந்து அரிசி கழுவினேன்.

அதற்குப் பிறகு வந்த மழைகளில் மருதாயி கொஞ்சம் கொஞ்சமாகத் தைரியமானாள். மாமியாரிடம் பதில் பேசினாள். தனக்கென்று ஒரு பையில் இரண்டு சேலை மடித்து வைத்தாள். அடுத்த மழையில் பக்கத்து ஊரில் ஒரு தையல் ஃபெக்டரி திறந்தார்கள், பெண் பிள்ளைகளை ஏற்றிப்போக பஸ் வந்தது. மாட்டு வண்டி ஓடுகிற காலத்துக் கதையில் பஸ் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தியாவது கேட்டாளா? நானும் கேட்கவில்லை. அந்த மாதம்தான் கேகாலைப் பக்கத்துக் கார்மென்ட் ஃபெக்டரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கடைவீதியில் சிங்களத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதை வாசிக்கத் தெரிந்தவள் அந்த லயத்தில் நான் ஒருத்திதான். மருதாயி விடியற்காலையில், எல்லாரும் பெரட்டுக்குப் போகிற நேரத்தில், எதிர்ப் பக்கமாக நடந்தாள். நானும் அப்படியே நடந்தேன். லயத்தின் முன்னால் நின்றிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தியும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு உங்களைக் கேகாலை பஸ் ஸ்டாண்டில்தான் பார்ப்பேன். சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கக் கிளினிக்குக்கு வருகிற நாளில் சொல்லியனுப்புவீர்கள். ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தால் உள்ளே இருக்கிற கிழங்கை மட்டும் தின்பீர்கள். என் சங்கதியெல்லாம் கேட்பீர்கள். ஹொஸ்டலில் ஒரு பிள்ளையிடம் தமிழ் எழுத்துப் படிக்கிறேன், அந்தப் புத்தகத்தைக் கொடுங்கள், நானே வாசிக்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒருதரம் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்றீர்கள். ஒருதரம் லயத்தில் விடமாட்டேன் என்கிறார்கள் என்றீர்கள். மருதாயி எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் மட்டும், நல்லா இருக்கா என்று உடனே பதில் வரும். இப்போது நீங்கள் லயத்தின் கடைசி அறையில், கோடிக்காம்பராவில் தனியாக இருப்பதாக ஒருமுறை சொன்னீர்கள். ஏன் என்று கேட்டேன். "அங்க காத்து நல்லா வருது" என்றீர்கள்.

இப்போது நான் கேட்கப்போவதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். நான் போன மறு வருடமே உங்கள் தம்பிக்குக் கல்யாணம். ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்தார்கள். உங்கள் அம்மா ஆசைப்பட்ட பேரப் பிள்ளைகள். சண்டை இல்லை, கோர்ட்டு இல்லை, ஊர் வாயில் விழவில்லை. மலடி தானாகவே எழுந்து நடந்துவிட்டாள். இதைவிட வசதியாக ஒரு மருமகளைக் கழற்றிவிட முடியுமா? நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்களா, உங்கள் தம்பிக்கு இடத்தைக் காலி பண்ணினீர்களா? அந்தப் பக்கத்தை வாசித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஃபெக்டரியில் பிள்ளைகளின் மெஷின் ஓடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் பிழைப்பே நீங்கள் போட்ட பிச்சை என்று நன்றியோடு நினைத்துக்கொண்டிருந்தேன். பிச்சையா, வழியனுப்பா? உயிரோடு இருந்தவரை கையில் கொடுக்காத புத்தகத்தைச் செத்தபிறகு எதற்கு அனுப்பினீர்கள்? நான் கண்டுபிடிக்க வேண்டும் என்றா? கண்டுபிடித்துவிட்டேன் மதினி. இப்போது என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

*

மேலே உள்ளதை எழுதி மடித்து வைத்தது போயாவுக்கு முந்தின நாள். அழிக்கப்போவதில்லை. நினைத்ததை நினைத்தபடி நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

போயா அன்றைக்குச் சாந்தி வந்தாள். நல்ல மழை. குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் புத்தகம் எங்கே என்று பார்த்தாள். மேசையில் இருப்பதைக் கண்டதும்தான் உட்கார்ந்தாள். எனக்குப் பொறுமை இல்லை. தேத்தண்ணி ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"மருதாயி கெணத்துல விழுந்து செத்துட்டா, சாந்தி. நீங்கள்லாம் கேட்டது பொய்."

அவள் சேலைத் தலைப்பைத் திருகினாள். "அது எங்களுக்குத் தெரியுங்க அக்கா" என்றாள்.

நான் கேத்தலைக் கீழே வைத்துவிட்டேன்.

லயத்துப் பெண்கள் பிற்பாடு தன்னிடம் சொன்னதாக அவள் சொன்னாள். நான் கிளினிக்குக்குப் போயிருந்த அந்த மழை நாளில், மருதாயி விழுந்ததை நீங்கள் உள்ளபடியே வாசித்துவிட்டீர்களாம். நீங்களும் முன்கூட்டியே வாசித்துப் பார்க்கிற ஆள் இல்லையாம், அவர்களோடு சேர்ந்துதான் உங்களுக்கும் தெரிந்ததாம். எல்லாரும் அழுதார்களாம். அழுது முடித்ததும் ஒருவருக்கும் மருதாயி ஞாபகம் இல்லையாம், என் ஞாபகம்தானாம். யாரோ ஒருத்தி, இதை அவளுக்கு வாசிக்காதீங்க என்றாளாம். கதையை நிறுத்தினால் சந்தேகப்படுவாள் என்றாளாம் இன்னொருத்தி. அப்படியென்றால் விழாத மாதிரி வாசிக்கிறேன், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னீர்களாம்.

மதினி, அது எந்த லயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காம்பராவில் பப்படம் பொரித்தால் அடுத்த காம்பராவில் எத்தனை பப்படம் என்று சொல்கிற லயம். யார் வீட்டில் யார் இருமினார்கள் என்று பீலிக்கரையில் பேசித் தீர்க்கிற பெண்கள். அவர்கள் எல்லாரும் சேர்ந்து, நான் அங்கே இருந்த அத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். எனக்காக. பாலத்துக்கு நான் போகும்போதெல்லாம் உங்களுக்கு ஆள் அனுப்பியதும் அவர்கள்தானாம். விறகு என்று ஒன்று இருந்ததே இல்லையாம்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அத்தை, நான் போனபோது சந்தோஷப்பட்டாரா என்று.

சாந்தி சிரித்தேவிட்டாள். சந்தோஷமா என்றாள். உங்கள் அம்மாவுக்கு வேண்டியிருந்தது இரண்டு மருமகள். வேலைக்கு ஒருத்தி, பிள்ளைக்கு ஒருத்தி. நான் போனது அவருக்கு மானக்கேடாகிவிட்டதாம். இவளுக்கு யார் கால் கொடுத்தது என்று லயம் முழுக்கக் கத்தினாராம். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. கடைசியில் நீங்களே போய், "நான்தாம்மா" என்று சொன்னீர்களாம். அன்றைக்கே உங்கள் பானை சட்டி வெளியே வந்ததாம். உங்கள் தம்பியும் தடுக்கவில்லையாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நீங்கள் கை நனைக்கவில்லை. அத்தை சாகக் கிடந்தபோதுகூட உங்களைக் கூப்பிடவில்லை.

"காத்து நல்லா வருதுன்னு அங்க போனேன்னு எங்கிட்ட சொன்னாங்களே" என்றேன்.

"கூரையில பாதி தகரம் இல்ல. காத்து வரத்தானே அக்கா செய்யும்."

எனக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவில்லை. ரோல்ஸ் வாங்கிக் கொடுத்து, கிழங்கை மட்டும் தின்கிறீர்களே என்று உங்களைக் கேலி பண்ணிய நாட்களிலெல்லாம் நீங்கள் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னோடு வந்து இருக்கச் சொல்லியிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் அழுவது முடியட்டும் என்று சாந்தி காத்திருந்தாள். அப்புறம் மெதுவாக மற்றதைச் சொன்னாள். நான் போன பிறகும் கதை நிற்கவில்லையாம், புத்தகத்தில் ஏடு நகர்ந்ததைவிட மருதாயி கதைதான் நீண்டதாம். மருதாயி எங்கே இருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று பெண்கள் கேட்டார்களாம். நீங்கள் கிளினிக்குக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போன அடுத்த மழையில் மருதாயி கட்டாயம் கதையில் வருவாளாம். நான் காய்ச்சலில் கிடந்தபோது அவளுக்கும் காய்ச்சலாம். எனக்குச் சூப்பவைசர் வேலை கிடைத்ததைச் சொன்னேனே, அந்த மழையில் அவளுக்கும் வேலை உயர்ந்ததாம். லயத்தில் யாரோ சீனி போட்டுத் தேத்தண்ணி ஊற்றி எல்லாருக்கும் கொடுத்தார்களாம். சாந்தி கல்யாணமாகி வந்து மழை நாளில் முதன்முதலாக உங்கள் கோடிக்காம்பரா இஸ்தோப்பில் உட்கார்ந்தபோது, மருதாயி யார் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லையாம். கேட்கக் கேட்க அவளாகவே புரிந்துகொண்டாளாம். "மொத நாள் இந்த வாசல்ல உங்களப் பாத்தப்ப எனக்குப் புது ஆளாத் தெரியல" என்றாள்.

அவள் வந்தது இதைச் சொல்வதற்காக அல்ல. நீங்கள் படுக்கையில் விழுந்ததிலிருந்து கதை அந்தப் பெரிய வீட்டுக் கல்யாணத்தில் நிற்கிறதாம். கடைசி அத்தியாயம். இப்போதும் மழை பெய்தால் பெண்கள் பழக்க தோஷத்தில் கோடிக்காம்பராவுக்கு வந்துவிடுகிறார்களாம். வந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, மழை விட்டதும் எழுந்து போகிறார்களாம். ஒருநாள் வந்து முடித்துவைக்க வேண்டும் என்று கேட்டாள்.

உன் பையன் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத்தானே போகிறான், அவன் வாசிக்கமாட்டானா என்றேன்.

"அவன் வாசிச்சா சரிப்படாதுக்கா. உள்ளத உள்ளபடி வாசிச்சிருவான்."

அதோடு எனக்கு விளங்கிவிட்டது, நீங்கள் எதற்குப் புத்தகத்தை அனுப்பினீர்கள் என்று.

சாந்தி போன பிறகு கடைசி அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டு நிலமெல்லாம் போய், மிஞ்சியது களத்துமேடு மட்டும். அதில் பந்தல் போட்டுப் பேத்திக்குக் கல்யாணம். பிரிந்து போன சொந்தமெல்லாம் வருகிறது. யார் யார் வந்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். மருதாயி பேர் எங்கும் இல்லை. இறந்தவள் எப்படி வருவாள்? அவளை எந்த இடத்தில் நுழைப்பது என்று மூன்று பொழுதாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சமைக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். புத்தகத்தை உங்களைப்போல முகத்துக்குக் கொஞ்சம் கிட்டே பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் கண் எங்கே ஓடுகிறது என்று எதிரில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. நல்ல கெட்டிக்காரி நீங்கள்.

பந்தல் வாசலில் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் அவளை நுழைக்கலாம் என்று தீர்மானித்திருக்கிறேன். கையில் இரண்டு பெட்டி கேக்கோடு, புதுச் சேலையில், பஸ்ஸை விட்டு இறங்கி வருவாள். மாமியார் இல்லை. புருஷன் ஒரு ஓரமாக நிற்பான், நிற்கட்டும். தொழுவத்துப் பக்கம் போகமாட்டாள். நேரே பந்தலுக்குள் போய் முன்வரிசையில் உட்காருவாள்.

வானம் நேற்றிலிருந்து கறுத்துக்கொண்டு நிற்கிறது. புளத்கொகுபிட்டிய பக்கம் நல்ல மழை என்று பஸ் கொண்டக்டர் சொன்னான். லீவு சொல்லிவிட்டேன். புத்தகத்தை ஷொப்பிங் பையில் சுற்றி வைத்திருக்கிறேன். அந்தத் தோட்டத்துப் பாதையில் இத்தனை வருடத்துக்குப் பிறகு கால் வைக்கப் போகிறேன். உங்கள் தம்பி வாசலில் நின்றால் என்ன பேசுவது என்றும் ஒத்திகை பார்த்தாகிவிட்டது. சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுக் கடந்து போய்விடுவேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். முழுப் புத்தகத்தையும் வாசித்துவிட்டேன் மதினி. அந்தப் பெரிய வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள் மட்டும்தான். கூடப் பிறந்த பெண் ஒருத்தியும் கிடையாது. மருதாயிக்கு நாத்தனார் என்று யாருமே இல்லை. அதனால்தான் பாவம், அவள் கிணற்றில் விழுந்தாள்.

நாளைக்கு வாசிக்கும்போது ஒருத்தி இருப்பாள். மருதாயி செருப்பைக் கழற்றும்போது பந்தலுக்குள்ளிருந்து எழுந்து வந்து, ரப்பர் புகை வாசம் அடிக்கிற கையால் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போவாள். அந்த ஊரில் ரப்பர் ஏது என்று ஒருத்தியும் கேட்கமாட்டாள்.